முன்வரிசையில் ஓர் இடம்

அகமதாபாத்திலிருந்து சென்னை செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் பயணம் செய்த அன்பர்கள் புசாவல் சந்திப்பை அறிந்திருப்பார்கள். நடைமேடையில் வாழைப்பழச் சீப்புகளைக் கூவி விற்பார்களே, அந்த ஊர்தான். சுற்றுப்புறத்து ராவேர், சாவ்தா முதலிய ஊர்த் தோட்டங்களிலிருந்து அப்பழம் டில்லி வரை போகிறது. இவ்வூர் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வாழ்கிறோம். எங்களில் ஒருவர் பார்சல் பகுதியில் குமாஸ்தா, மெட்ரிக் தேறியவர், வயது முப்பத்தெட்டு. மற்றவர் அரக்கோணத்திலிருந்து மணமாகி வந்து இல்லத்தைக் காப்பவர். கீழே எழுதியிருப்பவற்றில் எதை யார் செய்தார், எதை யார் தூண்டினார் என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. பிரிக்க முயன்ற இரவுகளில் சண்டைதான் மிஞ்சியது. ஆதலால் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். பேனா பிடித்தவர் குமாஸ்தா. பக்கத்தில் அமர்ந்து திருத்தியவர் மற்றவர்.

விஷயம் லேஜிம் பற்றியது. மகாராஷ்டிரத்திற்கு வெளியே வாழும் அன்பர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஒரு மரக்கோல்; அதன் இரு முனைகளையும், வில்லுக்கு நாண் பூட்டியது போல, இணைக்கும் இரும்புச் சங்கிலி; சங்கிலியில் கோத்த சிறு சிறு உலோகத் தகடுகள்; நடுவே ஒரு கைப்பிடி. கோலை ஒரு கையாலும் பிடியை மறு கையாலும் பற்றி விரித்துச் சுருக்கினால் 'ஜல்' என்று ஓசை எழும். மல்லர்கள் தோள் வலிமைக்காகப் பயின்ற கருவி இது. இன்று கணபதி ஊர்வலத்திலும் பள்ளிக்கூட உடற்பயிற்சியிலும் இதற்கு நிலையான இடம் உண்டு. நம் கோலாட்டத்தில் கோலோடு கோல் மோதி ஓசை பிறக்கும். இதிலோ ஒவ்வொருவர் கையிலும் ஓசை தனியே இருக்கிறது. ஆகவே ஒருத்தி அரைக்கணம் பிந்தினாலும் மைதானம் முழுவதற்கும் கேட்டுவிடும். குனிந்து, நிமிர்ந்து, பக்கம் திரும்பி, ஓரடி தாவி, இருபத்து நான்கு சிறுமியர் ஒரே ஓசையாக ஆடும்போது கேட்பவர் மேனி சிலிர்க்கும். இதை மிகைப்படுத்தி எழுதவில்லை.

எங்களுக்கு இதில் பழைய ஆசை ஒன்று உண்டு. குமாஸ்தாவின் தகப்பனார் 1979இல் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து கலாசியாக இங்கே வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, தமிழும் மராத்தியும் கலந்து பேசி வளர்ந்தான். 1997ஆம் ஆண்டு, பத்து வயதில், குடியிருப்புக் கணபதி ஊர்வலத்தில் லேஜிம் வரிசையில் சேரப் போனபோது பெரிய பையன்கள், "மதராஸிக்குத் தாளம் வராது" என்று சிரித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டே ஊர்வலம் முழுவதும் பின்னால் நடந்தாயிற்று. சிறுவர்களின் விளையாட்டுப் பேச்சு. அதே பையன்கள் பிற்பாடு நல்ல நண்பர்கள் ஆனார்கள். ஆயினும் அந்தக் குடத்தை இறக்கி வைக்க முடியவில்லை. அரக்கோணத்துக் கதையும் ஒன்று உண்டு. பள்ளிக் கோலாட்டத்தில் முதல் ஜோடியாக ஆடி வந்த பெண்ணை, வயதுக்கு வந்தவுடன் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு கோல்களும் கல்யாணச் சீரோடு புசாவல் வரை வந்து பரணில் கிடக்கின்றன. இப்படி இருவருக்கும் வர வேண்டிய பாக்கியை வசூல் செய்ய எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

2024ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவளுக்கு வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. சித்திரம் எழுதுவாள், பேச்சுக் குறைவு. குடியரசு தினத்தன்று மைதானத்தில் ஆட இருபத்து நான்கு மாணவியரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள், மூன்று சுற்றுகளாகத் தேர்வு நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. அவள்தான் அதைக் கொண்டுவந்து காட்டி, "நான் சேரட்டுமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் மகளும் சேர்கிறாள் என்பது அவளுக்குக் காரணம். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தக் கேள்வியைக் கேட்டது வரையில் காரியம் அவளுடையதாக இருந்தது. நாங்கள் "சேர்" என்று சொன்ன நிமிடத்திலிருந்து அது எங்களுடையதாகிவிட்டது.

வீட்டில் லேஜிம் இல்லை. துடைப்பக்கட்டையில் பழைய சைக்கிள் சங்கிலியைக் கட்டி, அதில் சோடா மூடிகளைத் துளைத்துக் கோத்தோம். அதன் ஓசை தகர டப்பாவை இழுத்துச் செல்வது போல் இருந்தது. பிறகு கடையிலிருந்தே ஒன்று வாங்கி வந்தோம். இரவு பத்து மணிக்கு டியூட்டி முடிந்து வந்தபின், தூங்கப் போகிறவளை எழுப்பிக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி ஆட வைப்போம். கைப்பேசியில் படம் பிடித்து, "இதோ பார், மூன்றாவது எண்ணிக்கையில் உன் முழங்கை தாழ்கிறது" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவோம். நாங்கள் இருவரும் வாழ்நாளில் லேஜிம் பிடித்தவர்கள் அல்லர் என்பதை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் அவள் உள்ளங்கை கன்றிப் போயிற்று. தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மறுபடி நிறுத்தினோம். திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருநாள், "ஆடுவது பிள்ளையா, நீங்களா?" என்று கேட்டாள். கிழவிக்கு இக்காலத்துப் போட்டி புரியாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

தேர்வு நடந்த மாலைகளில் பள்ளி வாயிலில் கூடிய கூட்டத்தைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றுக்கு அறுபது பெண்களுக்கு மேல் வந்தார்கள் என்றால் பெற்றோர் நூறு பேர் வந்தோம். ஒருவர் கணபதி மண்டலத்து டோல் வாத்தியாரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி மகளுக்குத் தனிப்பாடம் வைத்திருந்தார். ஒரு தாயார் ஆசிரியைக்கென்று நாள்தோறும் எள்ளுருண்டை கொண்டு வந்தார். ஆசிரியை அதைப் பிரித்துப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவார். ஒருவர் நகரசபை உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் வேலியோரம் உலாவினார். உயரமான பெண்களைப் பின்வரிசையில் நிறுத்துவது அநீதி என்று ஒரு தகப்பனார் தலைமையாசிரியரிடம் வாதாடினார். இவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிக்கூடச் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உடற்பயிற்சி ஆசிரியை நடுத்தர வயதினர். மராத்தியப் பள்ளிகளில் ஆசிரியையைப் 'பாயி' என்று அழைப்பது மரியாதை; நாங்களும் அவ்வாறே அழைப்போம். ஊதலும் கையுமாக வெயிலில் நின்று கறுத்த முகம். பெற்றோரோடு அவர் பேசுவதே அரிது. இரண்டாம் சுற்றில் முப்பத்திரண்டு பேரை நிறுத்திக்கொண்டார். அதில் எங்கள் மகளும் இருந்தாள். அண்ணாச்சியின் மகளும் இருந்தாள். இன்னும் எட்டுப் பேர் கழிய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் புனேயிலிருந்து அந்தப் பள்ளிக்குப் புதிய லேஜிம்கள் இரண்டு கட்டுகளாக எங்கள் அலுவலகத்துக்கே பார்சலில் வந்து சேர்ந்தன! எடை போட்ட கை நடுங்கிற்று. சாக்கைத் தொட்டவுடனே உள்ளிருந்து 'ஜல்' என்று ஓசை. தெய்வமே அனுப்பியது போல எங்களுக்குத் தோன்றிற்று. வந்து இறங்கிய பார்சலைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்பேஜ் என்னும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பள்ளியில் யாரோ ரசீதை வைத்து மறந்துவிட்டார்கள். பாயி தாமே ஓர் ஆட்டோவில் வந்தபோது கெடு கடந்திருந்தது. நாற்காலி போட்டோம், தேநீர் வரவழைத்தோம். வார்பேஜ் 140 ரூபாயை நம் சட்டைப்பையிலிருந்து கட்டி ரசீதும் போட்டாயிற்று. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. "எதற்காக நீங்கள்?" என்று அவர் கேட்டார். "நம் பிள்ளை படிக்கும் பள்ளி அல்லவா?" என்று சொல்லி, மகளின் பெயரையும் வகுப்பையும் சொன்னோம். அவருக்குத் தெரியாதது போல, இரண்டு முறை சொன்னோம்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது. ஆட்டோவில் கட்டுகளை ஏற்றும்போது அவர், உங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு பெண்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்று சொன்னார். 'இரண்டு' என்ற சொல் எங்கள் காதில் குத்திற்று. "ஆமாம், அந்தப் பெண் கெட்டிக்காரி. பாவம், மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வரும். சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னோம். அக்கறை போலவே சொன்னோம். அக்கறைதான் என்று எங்களையே நம்பவும் வைத்துக்கொண்டோம். அன்றிரவு வீட்டில் அதைச் சொன்னபோது மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை, "ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்கவுமில்லை. அதனால்தான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம்.

மூச்சிரைப்பு என்பது பொய்யன்று. அந்த ஆண்டு ஆவணி மழையில் ஓர் இரவு அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டிவிட்டது. அண்ணாச்சி மின்சார எஞ்சின் பணிமனையில் இரவு வேலை. அவர் மனைவி கதவைத் தட்டினார். அவரை நாங்கள் அக்கா என்போம். திருநெல்வேலி வழக்கப்படி அவர் எங்களை மதினி என்றும் அண்ணன் என்றும் அழைப்பார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விடியும் வரை வாயிலில் இருந்தோம். அதன்பின் அவளுக்கு ஒருநாளும் வரவில்லை.

மறுநாள் பாயி அந்தப் பெண்ணை அழைத்து, டாக்டர் சான்றிதழ் வேண்டும், அதுவரை ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் செய்தது முறையான காரியம். நோயுள்ள குழந்தையை எந்த ஆசிரியைதான் ஆடவிடுவார்? கடைசிச் சுற்று சனிக்கிழமை. அண்ணாச்சிக்கு லீவு கிடைத்து, டாக்டரைப் பார்த்து, 'ஆடுவதற்குத் தடை ஏதுமில்லை' என்று எழுதி வாங்கியது திங்கட்கிழமை. அதற்குள் இருபத்து நான்கு பெயர்களும் பலகையில் ஏறிவிட்டன. அந்தப் பெண்ணின் பெயர் கோட்டுக்குக் கீழே, யாரேனும் வராவிட்டால் சேர்க்கப்படுபவர் வரிசையில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் மகள் எப்படி ஆடினாள் என்பதைச் சொல்லிவிடுகிறோம். வேலிக்கு வெளியே நாங்கள் நின்றிருந்தோம். பாயி, "ஏக், தோன், தீன், சார்" என்று மராத்தியில் எண்ண, நாங்கள் பொறுக்க மாட்டாமல், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று தமிழில் உரக்க எண்ணினோம். எங்கள் எண்ணிக்கை அவர் எண்ணிக்கைக்குச் சற்று முந்தி ஓடிற்று. மகள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள், கால் பிசகிற்று, மைதானம் முழுவதும் தனியாக ஒரு 'ஜல்' கேட்டது. பாயி ஊதலை எடுத்துவிட்டு வேலியண்டை வந்து, "இங்கே எண்ணுவது நான் ஒருத்தியாக இருக்கட்டுமே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி ஆடச் சொன்னார். மறுமுறை அவள் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. நன்றாக ஆடினாள். இருபத்து நான்கில் அவள் பெயர் இருந்தது, மூன்றாம் வரிசை. முன்வரிசை கிடைக்கவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு முணுமுணுப்பு எங்களிடமிருந்து எழுந்தது.

திங்கட்கிழமை மாலை அவள் ஓர் உறையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே 140 ரூபாய். கூடவே ஒரு சீட்டு: பள்ளியின் செலவைப் பள்ளியே ஏற்கும், நன்றி. சீட்டை அவள் வழியிலேயே படித்திருந்தாள். இது என்ன பணம் என்று கேட்டாள். சொன்னோம். சற்று நேரம் கழித்து, "பாயி என்னை எடுத்தது நான் ஆடியதற்காகவா, இதற்காகவா?" என்று கேட்டாள். "ஆடியதற்காகத்தான், சந்தேகம் என்ன!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஒரே குரலில் சொன்னதே தவறாகப் போயிற்று என்று நினைக்கிறோம். அவள் மேலே கேட்கவில்லை. உண்மையில் எங்களுக்கும் விடை தெரியாது. பாயியின் மனத்தில் அந்தத் தேநீருக்கு எவ்வளவு எடை இருந்தது? ஒன்றுமே இராது என்றுதான் அவரைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பியவர் அல்லவா? ஆனால் பெயர்ப்பலகையில் தன் பெயரைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டிய குழந்தைக்கு அந்த மகிழ்ச்சியை முழுதாக வைத்துக்கொள்ள நாங்கள் விடவில்லை.

பொங்கல் வந்தது. ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கும் அண்ணாச்சி வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஒரே அடுப்புக் கூட்டி, இரண்டு பானை வைப்பது வழக்கம். கோலம் அக்கா போடுவார். காவி தீட்டுவது எங்கள் வீட்டு வேலை. 2025 பொங்கலன்று விடியற்காலை கதவைத் திறந்தபோது அக்கா தம் வாசலில் மட்டும் கோலம் போட்டு முடித்திருந்தார். கோடு எங்கள் படிக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. அண்ணாச்சி, "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் தேறவில்லை என்ற வருத்தம், பொறாமை, நாளடைவில் சரியாகிவிடும் என்று எங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டோம். பொறாமை என்ற சொல்லை முதலில் உச்சரித்தவர்கள் நாங்கள்தான் என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

அந்த வாரத்தில் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அங்கே பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சியர்லீடர் என்று ஒரு குழு உண்டு. 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டருகே ஆடுகிறார்களே, அதற்கு மூலம் அதுதான். பந்தாட்டத்தின்போது கூட்டத்தை உற்சாகப்படுத்தி முழங்க வைப்பது அவர்கள் வேலை. 1898இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் முன்னின்று முழக்கமிட்டதில் இது தொடங்கியது என்கிறார்கள்; அப்போது இது ஆண்களின் வேலையாக இருந்தது. இன்று அந்தக் குழுவில் சேர்வதற்குச் சிறுமிகளிடையே கடும் போட்டி. டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு அருகிலுள்ள சானல்வியூ என்ற ஊரில் ஒரு தாய் தன் மகளை அக்குழுவில் சேர்க்க அரும்பாடுபட்டாள். மகளின் பெயரைப் பொறித்த அளவுகோல்களையும் பென்சில்களையும் மாணவர்களுக்குப் பங்கிட்டாளாம். அது விதிக்கு மாறு என்று மகளைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்களாம். 1991இல் அந்தத் தாய் கைதானாள். மகளுக்குப் போட்டியாக இருந்த அண்டை வீட்டுச் சிறுமியின் தாயைக் கொல்ல ஆள் தேடினாள் என்பது குற்றச்சாட்டு. தாய் இறந்தால் அந்தச் சிறுமி துக்கத்தில் போட்டிக்கு வரமாட்டாள் என்பது கணக்கு! கூலியாக வைரத் தோடுகளைக் கொடுத்தாள். அவள் நாடியது முன்னாள் கணவனின் சகோதரனை. அவர் போலீசாரிடம் சொல்லிவிட, பேச்செல்லாம் பதிவாயிற்று. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. முதல் விசாரணையில் பதினைந்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். ஜூரியில் ஒருவர் அமரத் தகுதியற்றவர் என்று தெரிந்து அந்த விசாரணை செல்லாமற்போயிற்று. 1996இல் பத்தாண்டு விதிக்கப்பட்டு, ஆறு மாதம் சிறையிலிருந்து வெளியே வந்தாள்.

அந்தப் பக்கத்தைப் படித்தவர் மற்றவருக்கும் வாசித்துக் காட்டினார். வைரத் தோடு வரையில், "அட பாவி!" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். திரும்ப ஒருமுறை வாசித்தபோது அளவுகோலில் வந்து நின்றுவிட்டோம். அளவுகோல் கொடுத்த நாளில் அவள் கொலைகாரி இல்லை; எங்களைப் போல் ஒரு தாய். நாங்கள் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டிய இரவை எடுத்துக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டோம். விளக்கை அணைத்த பிறகும் இருவரும் விழித்திருந்தோம். ஒருவர் விழித்திருப்பது மற்றவருக்குத் தெரிந்தது.

ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது கெஜச் சேலையைப் பாய்ச்சிக் கட்டி, காவித் தலைப்பாகை வைத்து, இருபத்து நான்கு பெண்கள் மைதானத்தில் இறங்கினார்கள். நாங்கள் எண்ணவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. மூன்றாம் வரிசையில் இடக்கோடியில் எங்கள் மகள். ஒரு பிசகு இல்லை. ஆட்டம் முடிந்ததும் மற்றப் பெண்கள் பெற்றோரிடம் ஓடிவர, அவள் தண்ணீர்க் குடத்தருகே போனாள். அங்கே ஆடுபவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணாச்சியின் மகள். கோட்டுக்குக் கீழே பெயர் இருந்தவர்களுக்கு அந்தப் பணி. எங்களில் ஒருவருக்குக் கண் இருட்டிற்று.

இந்தக் கட்டுரையைச் சங்க இதழுக்கு எழுதுவது என்று தீர்மானித்தபோது, அண்ணாச்சி வீட்டுக்கும் இதழ் வரும் என்பதை நினைத்தோம். அச்சில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடுவது கோழைத்தனம். ஒரு மாலை இருவரும் போனோம். அண்ணாச்சி பனியனோடு அமர்ந்து ரேடியோவைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் அலுவலகத்தில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னோம். அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. அக்காதான் பேசினார்: "எங்களுக்கு அன்றைக்கே தெரியும் மதினி. அந்த ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தானே. வேறு யாருக்குத் தெரியும்?" பிறகு, "தூக்கிக்கொண்டு ஓடியதையும் மறக்கவில்லை" என்றார். அண்ணாச்சி ரேடியோவைப் பார்த்தபடியே, "பிள்ளைகள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவர்களைக் கெடுக்காமல் விட்டோமே, அதுவரைக்கும் சரி" என்றார். காபி கொடுத்தார்கள். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எங்கள் பெயரைப் போடாதீர்கள்" என்று சொன்னார். போடவில்லை.

ஜூனில் பள்ளி மறுபடி திறந்தது. மகள் இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிச் செய்தி எதையும் வீட்டில் சொல்வதில்லை. கேட்டால் விடை சொல்வாள், அவ்வளவுதான். சென்ற வாரம் நனைந்த புத்தகங்களைக் காய வைக்க அவள் பையைக் கவிழ்த்தோம். பள்ளிக் கையேடு விரிந்து விழுந்தது. 2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் வென்றதிலிருந்து பள்ளிகளில் அந்த விளையாட்டுக்கு உற்சாகம் மிகுந்திருக்கிறது. பள்ளிக் குழுவுக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்பு ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. தேதி பார்த்தோம், மூன்று வாரம் ஆகியிருந்தது. அதன் கீழே, 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில், தமிழில் ஒரு கையெழுத்து. பள்ளியில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கோலக்கோடு போல வளைந்து செல்லும் அந்த எழுத்து யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வீட்டுப் பால் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதி வருபவர் அக்காதான்.

கையேட்டை வெயிலில் விரித்து வைத்து, காய்ந்ததும் இருந்தபடியே மூடிப் பைக்குள் வைத்தோம். மாலையில் அவள் வந்தாள். முழங்காலில் மண் சிராய்ப்பு. "விழுந்தாயா?" என்று கேட்டோம். "ஆமாம்" என்றாள். மருந்தை எடுத்துக் கொடுத்தோம்.